பலகார ஆச்சியை வாடிக்கையாளராக உட்காரவைத்து அஜைல் சொல்லித்தரும் காரைக்குடி வகுப்பு

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் இருந்துகொண்டு மென்பொருள் வேலை பார்ப்பவர்கள், அஜைல் முறையை (மென்பொருளைச் சிறு துண்டுகளாகச் செய்து, பயன்படுத்துபவரிடம் அவ்வப்போது காட்டித் திருத்திக்கொண்டே போவது) ஒழுங்காகக் கற்க வேண்டும் என்று நினைத்தால் இந்த வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம். குறைகள் இருக்கின்றன, அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் காசு கொடுத்துப் படித்த பயிற்சிகளில் எனக்கு உண்மையாகவே வேலைக்கு ஆனது இது ஒன்றுதான்.

நான் தேவகோட்டைக்காரி. சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் பல வருஷம் டெஸ்டராக இருந்துவிட்டு, மாமியாருக்கு உடம்பு முடியாமல் போனதும் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினேன். இப்போது காரைக்குடியில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் வேலை. மொத்தமே ஏழு பேர். அரிசி ஆலை, நகை அடகுக் கடை, பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றியவர்கள் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு பில்லிங், ஸ்டாக், முன்பதிவு மென்பொருள் எழுதிக்கொடுக்கிறோம். டெஸ்டிங்கும் நான்தான், யார் எந்த வேலையை எப்போது முடிப்பது என்று பார்த்துக்கொள்வதும் நான்தான்.

சென்னை நிறுவனத்திலும் அஜைல் பயிற்சி கொடுத்தார்கள். ஸ்லைடு மேல் ஸ்லைடாக ஓடியது. கடைசியில் ஆளுக்கொரு சான்றிதழ் மின்னஞ்சலில் வந்தது. அப்புறம் சீட்டுக்குத் திரும்பினால் ஆறு மாத வேலைக்கு ஏற்கெனவே போட்டுவைத்த திட்டத்தையே இரண்டிரண்டு வாரமாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஸ்பிரிண்ட் (அஜைலில் ஒரு குறுகிய வேலைச் சுற்று) என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மென்பொருளை யார் பயன்படுத்தப்போகிறார்களோ அவர்களில் ஒருவர் முகத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை. அதனால் இங்கே எங்கள் முதலாளி மூன்று பேருக்குப் பணம் கட்டுகிறேன், போய்வாருங்கள் என்றபோது எனக்குப் பெரிய ஆர்வம் ஒன்றும் இல்லை.

வகுப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது. நடத்துபவர் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். தன் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் சார் என்றே எழுதுகிறேன். செக்காலை ரோட்டுக் கம்ப்யூட்டர் கடைகளில் விசாரித்தால் வழி சொல்வார்கள். நான்கு வார இறுதிகள், சனியும் ஞாயிறும் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை. தலைக்கு 6,500 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. முழுக்கத் தமிழில்தான் பேசுகிறார். ஸ்பிரிண்ட், பேக்லாக் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) போன்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, விளக்கத்தை மட்டும் நம் பேச்சில் சொல்கிறார். எங்கள் அணியில் இருந்த பாலிடெக்னிக் படித்த பையன்கள் வாய் திறந்து கேள்வி கேட்டதற்கு அதுதான் காரணம்.

இடம் ஒரு பழைய நகரத்தார் வீடு. வளவு எனும் நடுமுற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் பாய் விரித்து, குட்டை மேசை போட்டு வகுப்பு. சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு, அதில் எதையும் ஒட்டக்கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் தேக்குத் தூணில் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்துவைத்து, வேலைகளை எழுதிய சீட்டுகளைக் குண்டூசியால் குத்துகிறார்கள். ஸ்டிக்கி நோட் முதல் நாளே மின்விசிறிக் காற்றில் பறந்துவிட்டது. குண்டூசிதான் நல்லது, என் அலுவலகத்திலும் இப்போது அதையே வைத்திருக்கிறேன். வெயில் காலத்தில் பிற்பகல் புழுக்கம் தாங்காது. வண்டி நிறுத்தத் தெருவில் இடம் குறைவு. சாப்பாடு அருமை.

முதல் நாள் காலை வரலாறு. சுருக்கமாக, ஆனால் சரியாகச் சொன்னார். 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில்தான் தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும் படம் வருகிறது. பிற்காலத்தில் அதற்கு வாட்டர்ஃபால் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் படத்தைப் போட்ட கையோடு, இப்படியே செய்தால் ஆபத்து, தோல்வியை வரவழைக்கும் என்று ராய்ஸே எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் புதுச் செய்தி. படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்கு ஊரில் 17 பேர் கூடி எழுதியதுதான் அஜைல் அறிக்கை. நான்கு மதிப்புகள், அவற்றின் பின்னால் 12 கோட்பாடுகள். முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்கள் பேசிக்கொள்வதும் முக்கியம். விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருள் முக்கியம். ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு சேர்ந்து வேலை செய்வது முக்கியம். போட்ட திட்டத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட மாற்றத்துக்கு இடம் கொடுப்பது முக்கியம்.

அப்படியென்றால் இனி எதையும் எழுதிவைக்க வேண்டாமா என்று ஒரு தம்பி கேட்டான். முக்கியம் குறைவு என்று சொன்னவற்றுக்கும் மதிப்பு உண்டு என்று அதே அறிக்கையின் கடைசி வரி சொல்கிறது என்று காட்டி, அந்த வரியை அவனையே சத்தமாகப் படிக்கவைத்தார். இந்த வரியை விட்டுவிட்டு அஜைல் என்றால் ஆவணம் இல்லாத வேலை என்று சொல்லித்திரிகிற மேனேஜர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டெஸ்டருக்கு அதனால் வருகிற கஷ்டம் டெஸ்டருக்குத்தான் தெரியும்.

மதியம் சாப்பாடு முடிந்ததும்தான் வகுப்பின் உயிரான விஷயம் வந்தது. பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். வீட்டிலேயே நான்கைந்து பெண்களை வைத்துத் தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு, அதிரசம் என்று பலகாரம் போட்டுக்கொடுப்பவர். கல்யாண ஆர்டர், தீபாவளி ஆர்டர், சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் பார்சல். கணக்கெல்லாம் ஒரு நீள நோட்டில். இவர்தான் உங்கள் வாடிக்கையாளர், நான்கு வாரமும் இவருக்குத்தான் வேலை செய்யப்போகிறீர்கள் என்றார் சார்.

எங்கள் அணி என்ன செய்தது? உடனே பேனாவை எடுத்துப் பட்டியல் போட்டோம். லாகின், வாடிக்கையாளர் பதிவு, பலகாரப் பட்டியல், கார்ட், ஆன்லைன் பணம், ரசீது, மாத அறிக்கை. கூடியிருந்த எல்லா அணிகளும் ஏறக்குறைய இதையேதான் எழுதின. சார் அதைத் தொடவே இல்லை. ஆச்சியிடம் திரும்பி, “நாளைக்குக் காலையில எது கையில இருந்தா உங்களுக்கு உபயோகம் ஆச்சி?” என்று கேட்டார்.

“நாளைக்கு எந்தப் பலகாரம் எத்தனை கிலோ போடணும்னு ஒரே எடத்துல தெரிஞ்சாப் போதும் தம்பி. இப்ப நோட்டைப் பொரட்டிப் பொரட்டிக் கூட்டுறேன். ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டா ஒரு ஆர்டரே விட்டுப்போயிருது.”

எங்கள் பட்டியலில் அது இல்லை. மாத அறிக்கை இருந்தது, நாளைய கூட்டல் இல்லை. முதல் ஸ்பிரிண்டின் இலக்காக அதையே வைத்தோம்: ஆச்சி நோட்டைப் புரட்டாமல் நாளைய அளவைச் சொல்ல வேண்டும். ஒரு வாரம்தான் ஸ்பிரிண்ட், ஞாயிற்றிலிருந்து அடுத்த ஞாயிறு. வார நாட்களில் இரவு ஒன்பது மணிக்குப் பதினைந்து நிமிடம் போனில் பேசிக்கொள்வது. அந்த வாரம் நாங்கள் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. ஆர்டரை உள்ளிட ஒரு கூகுள் ஃபார்ம், அது போய்ச் சேரும் ஷீட்டில் தேதிவாரியாகக் கூட்டல், அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு ஆச்சி வந்தார். நாங்கள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டப் போனோம். சார் தடுத்து, ஆச்சியின் போனிலேயே திறக்கச் சொன்னார். விரிசல் விட்ட கண்ணாடியோடு ஒரு பழைய ஆண்ட்ராய்டு போன். எழுத்து கடுகளவு தெரிந்தது, பலகாரப் பெயரெல்லாம் வேறு ஆங்கில எழுத்தில். முடிந்தது என்று நாங்கள் குத்திவைத்திருந்த சீட்டை சார் கழற்றி, நடந்துகொண்டிருக்கும் வேலைகளுக்கான நடு நெடுவரிசைக்கு மறுபடி மாற்றினார். அஜைல் வழிகளில் ஒன்றான, ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்டாக வேலை செய்யும் ஸ்க்ரம் முறையில் எது முடிந்த வேலை என்பதற்கு அணி முன்கூட்டியே ஒரு வரையறை எழுதிவைத்திருக்க வேண்டும். எங்கள் வரையறையின் முதல் வரி அன்றைக்கு எழுதப்பட்டது: ஆச்சியின் போனில், தமிழில், கண்ணாடி போடாமல் படிக்க முடிய வேண்டும்.

எழுத்தைப் பெரிதாக்கிக்கொடுத்ததும் ஆச்சி நிதானமாகப் பார்த்தார். கைமுறுக்கை யாரும் கிலோவில் கேட்பதில்லை, எண்ணிக்கையில்தான் கேட்பார்கள் என்றார். குறித்துக்கொண்டோம். அப்புறம் அதிரசத்துக்கு வந்தார்.

“கூட்டுனது சரியாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு எரநூறு அதிரசம்னு இன்னைக்குச் சொன்னா நான் என்ன செய்ய? பாகு காச்சி மாவைக் கெளறி ரெண்டு நாளாச்சும் வைக்கணும்ல? மணகோலம்னா அப்பிடி இல்ல, மொத நா சாயங்காலம் போட்டுக்கலாம்.”

முதல் வாரம் நாளைய அளவு போதும் என்று சொன்னவரும் இதே ஆச்சிதான். அவர் மாற்றிப் பேசவில்லை. கையில் ஒன்றைப் பார்த்த பிறகுதான் அவருக்கே அது சொல்லத் தோன்றியது. மாவு முன்கூட்டியே கிளற வேண்டும் என்பது அவருக்கு ஐம்பது வருஷப் பழக்கம், அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று யாருக்குமே தோன்றாது. கேள்வித்தாளை நீட்டி ஒன்று விடாமல் நிரப்பினாலும் அது வராது.

நாங்கள் செய்த மாற்றம் சின்னது. ஒவ்வொரு பலகாரத்துக்கும் எத்தனை நாள் முன்னால் தொடங்க வேண்டும் என்று ஒரு நெடுவரிசை. “நாளைக்குக் கொடுக்க வேண்டியது” என்ற பக்கம் “இன்றைக்குத் தொடங்க வேண்டியது” என்று மாறியது. ஷீட்டில் ஒரு மணி நேர வேலை. இதே விஷயம், லாகினும் ரசீதும் அறிக்கையும் எல்லாம் கொடுக்க வேண்டிய தேதியை வைத்தே கட்டி முடித்த பிறகு வந்திருந்தால் ஒவ்வொரு திரையையும் தொட வேண்டியிருக்கும். தொட்ட ஒவ்வொன்றையும் முதலிலிருந்து சோதிக்க வேண்டியிருக்கும். அப்படி ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து மறுசோதனை செய்தவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அஜைல் புரிந்தது. ஆன்லைன் பணம் பட்டியலில் கீழே போய்விட்டது. ஆச்சிக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் ஜிபேயில் நேராக அனுப்பிவிடுகிறார்கள், அதில் அவருக்கு ஒரு சிரமமும் இல்லை.

ஸ்க்ரம் கையேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸ்க்ரமை உருவாக்கிய ஜெஃப் சதர்லேண்டும் கென் ஸ்வாபரும் எழுதியது, இணையத்தில் இலவசம், 2020 பதிப்பு 13 பக்கம் அளவுதான். அதை வரிவரியாக வகுப்பில் படித்தோம். யூசர் ஸ்டோரி (பயன்படுத்துபவர் பார்வையில் எழுதிய ஒரு வேலை), ஸ்டோரி பாயிண்ட் (அந்த வேலையின் அளவைக் குறிக்கும் எண்) இரண்டுக்கும் அந்தக் கையேட்டில் இடமே கிடையாது என்பது அங்கே பலருக்கு ஆச்சரியம். யூசர் ஸ்டோரி கென்ட் பெக் தொடங்கிய எக்ஸ்பி (எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்) என்ற இன்னொரு அஜைல் முறையிலிருந்து வந்து சேர்ந்தது. தினமும் கூடிப் பேசும்போது கேட்கிற, நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை என்ன என்ற மூன்று கேள்விகளும் 2020 பதிப்பில் எடுக்கப்பட்டுவிட்டன. சார் அந்த இரவு அழைப்புகளில் கேட்டது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை காட்ட வேண்டியதற்கு இப்போது எது குறுக்கே நிற்கிறது? ஆளாளுக்கு ஒப்பிக்கிற வேலை இல்லாததால் பதினைந்து நிமிடத்துக்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிடும்.

மதிப்பீடு செய்யும் பிளானிங் போக்கர் விளையாட்டு இரண்டாவது வார இறுதியில். ஜேம்ஸ் கிரென்னிங் 2002இல் கொண்டுவந்தது. ஆளுக்கொரு கட்டு, அதில் 1, 2, 3, 5, 8, 13 என்று எண்கள். வேலையின் அளவை மனதுக்குள் முடிவு செய்து, எல்லாரும் ஒரே நேரத்தில் சீட்டைத் திருப்ப வேண்டும். ஆர்டர் எடுத்ததும் வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் தகவல் போக வேண்டும் என்பது அன்றைய ஸ்டோரி. எங்கள் அணியில் ஒரு பெண் 2 வைத்தாள், சீனியர் டெவலப்பர் 13 வைத்தார். சராசரி போடாதீர்கள், இரண்டு பேரும் காரணம் சொல்லுங்கள் என்றார் சார். சீனியர் மனதில் இருந்தது வாட்ஸ்அப்பின் வணிக இணைப்பு. அதற்குக் கணக்குத் திறந்து, செய்தி மாதிரிகளுக்கு ஒப்புதல் வாங்கி, சர்வரிலிருந்து தானாக அனுப்ப வேண்டும். அந்தப் பெண் மனதில் இருந்தது ஒரு லிங்க். தொட்டால் செய்தி எழுதிய நிலையில் வாட்ஸ்அப் திறக்கும், ஆச்சி அனுப்பு பொத்தானை அழுத்தினால் போதும். ஆச்சியிடமே கேட்டோம். நானே அனுப்பிக்கிறேன், எழுதுறதுதான் சிரமம் என்றார். 2 தான் வென்றது. எண்களில் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரே வரியை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டிருப்பது சீட்டைத் திருப்பும்போது வெளியே வந்துவிடுகிறது, அதற்குத்தான் அந்த விளையாட்டு. ஓர் அணியின் பாயிண்டை இன்னோர் அணியின் பாயிண்டோடு ஒப்பிட்டு மார்க் போடக்கூடாது என்றும் அழுத்திச் சொன்னார். முதலாளிகள் கவனிக்க.

மூன்றாவது வார இறுதி கான்பன், அதாவது ஓடுகிற வேலைகளைப் பலகையில் சீட்டாக வைத்து நகர்த்துவது. டொயோட்டா கார் தொழிற்சாலையில் டாயிச்சி ஓனோ உண்டாக்கிய முறை, 2000களில் டேவிட் ஆண்டர்சன் அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்தார். பலகையில் நெடுவரிசைகள் போடுவது எல்லாரும் செய்வதுதான். ஒவ்வொரு நெடுவரிசையிலும் ஒரே நேரத்தில் இத்தனை சீட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உச்சவரம்பு போடுவதுதான் கான்பனின் முதுகெலும்பு. எங்கள் பலகையில் சோதனை நெடுவரிசைக்கு வரம்பு 2. மூன்றாவது சீட்டைக் கொண்டுவந்த பையன் அங்கே குத்த இடம் இல்லாமல் நின்றான். புதிதாக இன்னொன்றை எடுக்காதே, உட்கார்ந்து அக்காவுக்குச் சோதனையில் உதவி செய் என்றார் சார். என் டெஸ்டிங் வாழ்க்கையில் ஒரு டெவலப்பரிடம் யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இதற்குக் கணக்கும் உண்டு. 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி. கையில் 12 வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, வாரத்துக்கு 3 முடிகிறது என்றால் ஒரு வேலை உள்ளே போய் வெளியே வரச் சராசரியாக 4 வாரம் ஆகும். முடிகிற வேகம் அப்படியே இருக்க, கையில் இருப்பதை 6 ஆகக் குறைத்தால் 2 வாரம். திங்கட்கிழமையே இதை எங்கள் முதலாளியிடம் ஒரு தாளில் போட்டுக்காட்டினேன். யாரையும் வேகமாக வேலை பார்க்கச் சொல்லாமலே வாடிக்கையாளருக்குச் சீக்கிரம் கொடுக்க முடியும் என்பது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது.

நம் ஊருக்கென்று இருக்கிற சிக்கல் ஒன்றையும் இந்த வகுப்பு தொட்டது, அதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். ஸ்க்ரமில் எது முதலில், எது பிறகு என்று முடிவு செய்கிற ப்ராடக்ட் ஓனர் ஒரே ஆள்தான், குழு அல்ல என்று கையேடு தெளிவாகச் சொல்கிறது. இங்கே தொழில் எல்லாம் குடும்பத் தொழில். அரிசி ஆலைக்கு மென்பொருள் எழுதப் போனால் அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி போன் போட்டு வேறு சொல்வார், அப்பா கடைசியில் வந்து இரண்டும் வேண்டாம் என்பார். மூன்று பேரையும் பகைத்துக்கொள்ள முடியாது. சார் சொன்ன வழி இது: மூன்று பேரையும் முதல் கூட்டத்தில் ஒன்றாக உட்காரவைத்து, பட்டியலை வரிசைப்படுத்தும் பொறுப்பு யாருக்கு என்று அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். மற்ற இருவரும் எதையும் கேட்கலாம், ஆனால் அவர் வழியாக. ஸ்பிரிண்ட் முடிவில் செய்ததைக் காட்டும் ரிவ்யூவுக்கு மூன்று பேரையும் கூப்பிடுங்கள், அங்கே மரியாதையில் குறை வைக்காதீர்கள். புதுவயல் பக்கம் ஓர் ஆலையில் இதைச் செய்துபார்த்தோம். தம்பிதான் பொறுப்பு என்று அப்பாவே சொல்லிவிட்டார். இரவு நேர போன்கள் நின்றன.

ரெட்ரோஸ்பெக்டிவ் வகுப்பும் நன்றாக இருந்தது. என்ன சரியாகப் போனது, எதை மாற்றலாம் என்று அணி உட்கார்ந்து பேசுவது. முதலாளி பக்கத்தில் இருந்தால் நம் பிள்ளைகள் வாயைத் திறக்கமாட்டார்கள், அது மரியாதை சார்ந்த பழக்கம். அதனால் பெயர் இல்லாமல் சீட்டில் எழுதி, கலைத்துப்போட்டு, ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்கும்படி வைத்தார். ஓர் அணியில் வந்த சீட்டு: “வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது வேலை கொடுக்காதீர்கள்.” படித்தவர் அந்த அணியின் முதலாளி. அடுத்த ஸ்பிரிண்டில் மாற்றப்போகிற ஒரே விஷயமாக அதையே அவர் எடுத்துக்கொண்டார். பத்து விஷயம் எழுதிவைத்து ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது மேல்.

இனி குறைகள்.

பெரிய குறை, நிரல் எழுதும் ஒழுக்கத்துக்கு ஒதுக்கிய நேரம். தானியங்கிச் சோதனை (நிரலே நிரலைச் சோதிப்பது), தொடர் ஒருங்கிணைப்பு (எல்லார் நிரலையும் அடிக்கடி ஒன்றுசேர்த்துச் சோதிப்பது), எழுதிய நிரலை அவ்வப்போது சீர்செய்வது, இதெல்லாம் எக்ஸ்பியின் உயிர். இவை இல்லாமல் வாராவாரம் புதிதாகக் கொடுத்துக்கொண்டே போனால் நான்காவது வாரத்தில் முதல் வாரத்து வேலை உடையும். எங்கள் அணியிலேயே அது நடந்தது: பார்சல் செலவைச் சேர்த்ததும் எண்ணிக்கைக் கணக்கில் இருந்த கைமுறுக்கு மறுபடி கிலோவுக்குப் போய்விட்டது. நான் கையால் சோதித்ததால் பிடிபட்டது. இவ்வளவு முக்கியமான பகுதிக்குக் கடைசி நாள் மாலை ஒரு மணி நேரம் போதவே போதாது. அஜைல் அறிக்கையின் 12 கோட்பாடுகளில் ஒன்று தொழில்நுட்பத் தரத்தில் இடைவிடாத கவனம் வேண்டும் என்கிறது. முதல் நாள் அதைச் சார்தான் வாசித்தார்.

இரண்டாவது, மொத்தத் தொகை ஒப்பந்தம். இந்தப் பக்கம் யாரும் ஸ்பிரிண்ட் கணக்கில் பணம் கொடுக்கமாட்டார்கள். மொத்தம் எவ்வளவு, எப்போது முடியும், இதுதான் கேள்வி. மாற்றத்துக்கு இடம் கொடு என்று வகுப்பு சொல்கிறது, மாற்றத்துக்குக் காசு யார் கொடுப்பது என்பதற்கு சாரின் பதில் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. நாங்களாகப் பேசி ஒரு முறை வைத்திருக்கிறோம், உதவுமென்று எழுதுகிறேன். தொகையும் தேதியும் மாறாது. பட்டியலின் வரிசையை வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். புதிதாக ஒன்று வேண்டுமென்றால், அதே அளவுள்ள, இன்னும் தொடங்காத ஒன்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். பணம் மூன்று தவணை, ஒவ்வொன்றும் ஒரு ரிவ்யூ முடிந்த பிறகு. இதனால் ரிவ்யூவுக்கு வாடிக்கையாளர் தவறாமல் வருகிறார், எங்களுக்கும் பணம் நிலுவையில் நிற்பதில்லை. இதைச் சார் தன் பாடத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜிரா என்ற வேலைப் பலகை மென்பொருளுக்கு அரை நாள் கொடுத்தது அதிகம். எங்கள் அளவுள்ள அணிகளுக்கு ட்ரெல்லோ என்ற எளிய இணையப் பலகையோ தெர்மாகோல் அட்டையோ போதும். அந்த நேரத்தில் கரண்ட் வேறு போய்விட்டது, திரையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நின்றார்கள்.

சான்றிதழ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இந்த வகுப்பில் எதுவும் தரமாட்டார்கள், அதைப் பணம் கட்டும்போதே சொல்லிவிடுகிறார்கள். வேலை தேடுகிறவர்களுக்குச் சான்றிதழ் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஸ்க்ரம் டாட் ஆர்க் என்ற அமைப்பு நடத்தும் பிஎஸ்எம் (ப்ரொஃபஷனல் ஸ்க்ரம் மாஸ்டர்) முதல் நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 80 கேள்விகள், 85 சதவீதம் எடுக்க வேண்டும். வகுப்புக்குப் போகாமலும் எழுதலாம், சான்றிதழ் காலாவதி ஆகாது. ஸ்க்ரம் அலையன்ஸ் என்ற இன்னோர் அமைப்பின் சிஎஸ்எம் (சர்ட்டிஃபைடு ஸ்க்ரம் மாஸ்டர்) சான்றிதழுக்கு அவர்களுடைய பயிற்சியாளரிடம் படிப்பது கட்டாயம். தேர்வில் 50 கேள்விகள், 37 சரியாக இருந்தால் போதும், ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். இந்த வகுப்பை முடித்துவிட்டுக் கையேட்டை இன்னும் சில முறை படித்தால் பிஎஸ்எம் எழுதலாம். எங்களோடு வந்த தம்பிகளில் ஒருவன் அப்படித்தான் எழுதித் தேறினான்.

அலுவலகத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று கேட்டால்: இரண்டு வார ஸ்பிரிண்ட், காலை பத்து மணிக்குப் பலகை முன்னால் நின்று பேச்சு, சோதனை நெடுவரிசைக்கு வரம்பு 2. விடுதி நடத்துகிறவர் ஒருவர் ரிவ்யூவுக்கெல்லாம் வர நேரமில்லை, முடித்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் இடத்துக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய், வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடம் காட்டிக் கேட்கிறோம். உண்மையில் மென்பொருளை நாள் முழுக்கப் பயன்படுத்தப்போகிறவள் அவள்தான், அவள் சொல்கிற திருத்தங்கள்தான் உருப்படியாக இருக்கின்றன.

போகிறவர்கள் தனியாகப் போகாதீர்கள். டெவலப்பர், டெஸ்டர், முடிந்தால் முதலாளி என்று சேர்ந்து போங்கள். தனியாக வந்தவர்களும் கற்றுக்கொண்டார்கள், ஆனால் அலுவலகம் திரும்பியதும் புரியவைக்கப் படுகிற பாடு தனிப்பாடு. லேப்டாப், ஒரு விசிறி, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைச் செக்காலை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடப்பது நல்லது.

தானியங்கிச் சோதனைக்கும் ஒப்பந்தத்துக்கும் என்று தனியாக இரண்டு வார இறுதி வைக்கச் சொல்லி சாரிடம் கேட்டிருக்கிறேன். பன்னிரண்டு பேராவது சேர்ந்தால் வைக்கிறேன் என்றிருக்கிறார். எங்கள் அலுவலகத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டோம். இன்னும் எட்டுப் பேர் வேண்டும்.